கலோரைசிங்: உலை உறுப்புகளைக் காக்கும் அலுமினியப் பூச்சு

கலோரைசிங் என்பது இரும்பு, எஃகு, நிக்கல் கலப்புலோகம் ஆகியவற்றால் ஆன பொருள்களின் மேற்பரப்புக்குள் அலுமினியத்தை உயர்வெப்பத்தில் ஊடுருவச் செய்து, அவை சூட்டில் அரிக்கப்படாமல் காக்கும் முறையாகும். வெப்பத்தைக் குறிக்கும் 'கலோர்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. அலுமினிய விரவல் பூச்சு என்றும் இதைக் கூறலாம். உலைகளின் உள்ளே இருக்கும் குழாய்கள், தட்டுகள், போல்ட்டுகள், வெப்பமானி உறைகள், வெப்ப மீட்புக் குழாய்கள் போன்றவற்றுக்கு இப்பூச்சு இடப்படுகிறது.

இம்முறையைப் பற்றி முதன்முறை கேள்விப்படும் எவருக்கும் ஓர் ஐயம் எழும். இரும்பு 1,538° செல்சியஸில் உருகுகிறது. அலுமினியம் 660° செல்சியஸிலேயே உருகிவிடுகிறது. அப்படியிருக்க, 800° அல்லது 900° சூட்டில் வேலை செய்யும் இரும்பை, அதற்கு முன்பே உருகிவிடும் அலுமினியம் எப்படிக் காக்கும்? இந்தக் கேள்விக்கான விடையில்தான் உயர்வெப்பக் காப்புப்பூச்சுகளின் அடிப்படை முழுவதும் அடங்கியுள்ளது. (இக்கட்டுரையில் உள்ள வெப்பநிலைகள் யாவும் செல்சியஸ் அளவில் தரப்பட்டுள்ளன.)

சூட்டில் இரும்புக்கு நேர்வது

ஈரக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதை எல்லோரும் அறிவர். உலையில் நடப்பது வேறு. அங்கே நீர் தேவையில்லை. சூடான இரும்பும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நேரடியாக வினைபுரிந்து கருநிற ஆக்சைடை உண்டாக்குகின்றன. கொல்லர் உலையிலிருந்து எடுத்த பழுத்த இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது மெல்லிய கருஞ்செதில்கள் உதிர்வது இதனால்தான். ஒவ்வொரு செதிலும் இழந்துபோன இரும்பு.

இச்செதிலில் மூன்று அடுக்குகள் உண்டு. இரும்பை ஒட்டி உள்ளே இருப்பது வுஸ்டைட். நடுவில் இருப்பது மேக்னடைட். காற்றைத் தொட்டு வெளியே இருப்பது ஹேமடைட். 570° வெப்பநிலைக்குக் கீழே வுஸ்டைட் நிலைத்திருப்பதில்லை. அதற்கு மேலே போனதும் அது தோன்றி மிக விரைவாக வளர்கிறது. 1,000° சூட்டில் உண்டாகும் செதிலின் தடிப்பில் ஏறத்தாழ 95 விழுக்காடு வுஸ்டைட், 4 விழுக்காடு மேக்னடைட், 1 விழுக்காடு ஹேமடைட் ஆகும்.

வுஸ்டைட் விரைவாக வளர்வதற்கு அதன் படிக அமைப்பே காரணம். இரும்பு அயனிகள் இருக்கவேண்டிய இடங்களில் பல காலியாகக் கிடக்கின்றன. அந்தக் காலியிடங்கள் வழியாக இரும்பு அயனிகள் உள்ளிருந்து வெளிநோக்கி எளிதாக நகர்ந்து செல்கின்றன. ஆக்சைடு அடுக்கு இரும்பை மூடியிருந்தாலும் அடைத்திருப்பதில்லை. சாதாரணக் கார்பன் எஃகை ஏறத்தாழ 550° வெப்பநிலைக்கு மேல் காற்றில் நெடுங்காலம் பயன்படுத்த முடியாமல் போவதற்கு இது முதன்மையான காரணமாகும்.

காக்கும் ஆக்சைடும் காக்காத ஆக்சைடும்

உலோகத்தின் மீது ஆக்சைடு அடுக்கு தடிக்கத் தடிக்க, அதைக் கடந்து வரவேண்டிய தொலைவு கூடுவதால் வினையின் வேகம் குறைகிறது. இதைக் கணக்காக எடுத்துரைத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் குஸ்தாவ் தாமன் (1920). இதற்குப் பரவளைய விதி என்று பெயர். இவ்விதிப்படி அடுக்கின் தடிப்பு, காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். 10 மணி நேரத்தில் ஒரு பங்கு தடிப்பு வளர்ந்தால், இரண்டு பங்கு ஆவதற்கு 40 மணி நேரமும், மூன்று பங்கு ஆவதற்கு 90 மணி நேரமும் தேவைப்படும். அயனிகள் அடுக்கினூடே நகரும் முறையைக் கொண்டு இவ்விதியை 1933இல் விளக்கியவர் கார்ல் வாக்னர்.

பல ஆக்சைடுகள் இவ்விதிக்கு உட்பட்டாலும், அவை எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. 1,000° சூட்டில் 100 மணி நேரம் வைத்தால் இரும்பின் மீது செதில் மில்லிமீட்டர் கணக்கில் தடிக்கும். அதே சூட்டில், அதே நேரத்தில், அலுமினியத்தின் ஆக்சைடான அலுமினா சில மைக்ரோமீட்டர் அளவே வளரும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அலுமினாவின் படிக அமைப்பில் காலியிடங்கள் மிகக் குறைவு. அதன் வழியே ஆக்சிஜனோ உலோக அயனியோ எளிதில் நகர முடியாது.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இதுவே விடை. இரும்பைக் காப்பது அலுமினியம் என்னும் உலோகம் அன்று. அதிலிருந்து உண்டாகும் அலுமினா என்னும் மெல்லிய படலமே காக்கிறது. அலுமினா உருகுவதற்கு ஏறத்தாழ 2,050° சூடு வேண்டும். மேற்பரப்புக்குள் ஊடுருவிய அலுமினியமும் தனி அலுமினியமாக இருப்பதில்லை. அது இரும்போடு சேர்ந்து, 1,100° வெப்பநிலையைத் தாண்டிய பிறகே உருகத் தொடங்கும் புதிய சேர்மங்களாக மாறிவிடுகிறது. படலம் எங்கேனும் கீறினால் அல்லது உதிர்ந்தால், கீழே இருக்கும் அந்தச் சேர்மம் தன்னிடமுள்ள அலுமினியத்தைத் தந்து படலத்தைப் புதிதாக வளர்க்கிறது. எனவே கலோரைசிங் பூச்சை ஒரு சுவராகக் கருதாமல், செலவுக்கு எடுத்துக்கொள்ள வைத்திருக்கும் கையிருப்பாகக் கருதுவதே சரியாகும். குதிரில் நெல் உள்ளவரை வீட்டில் உலை வைக்கலாம். பூச்சில் அலுமினியம் உள்ளவரை உலோகம் பிழைக்கும்.

குருந்தக்கல்லும் அலுமினாவும்

அலுமினாவுக்குப் பல படிக வடிவங்கள் உண்டு. அவற்றுள் மிக நிலையானதும் மிகச் செறிவானதும் ஆல்பா வடிவம். இயற்கையில் இவ்வடிவம் குருந்தக்கல்லாகக் கிடைக்கிறது. இக்கனிமத்தை உலகெங்கும் குறிக்கும் 'கொரண்டம்' என்னும் பெயர், 'குருந்தம்' என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து பிறந்தது. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகளில் குருந்தக்கல் காணப்படுகிறது. சிறிதளவு குரோமியம் கலந்து சிவந்த குருந்தமே மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் கலந்து நீலமானது நீலக்கல். உலையின் உள்ளே ஒரு குழாயை மூடிக் காக்கும் படலமும், நகைக்கடையில் ஒளிரும் மாணிக்கமும் அடிப்படையில் ஒரே பொருள்.

குறைந்த சூட்டில் காமா, தீட்டா போன்ற பிற வடிவங்கள் முதலில் தோன்றுவது உண்டு. அவை ஆல்பா வடிவத்தைவிட விரைவாக வளர்பவை. அந்த அளவுக்குக் காப்பும் குறைவு. சூடு 1,000° வெப்பநிலையை நெருங்கும்போதும் அதைத் தாண்டும்போதும் அவை ஆல்பா வடிவமாக மாறுகின்றன.

வரலாறு

ஓர் உலோகப் பொருளை மற்றோர் உலோகத்தின் தூளில் புதைத்துச் சூடாக்கி, தூளிலுள்ள உலோகத்தை அதன் மேற்பரப்பில் ஏற்றும் முறையை, 1900ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் ஷெரார்ட் கூப்பர்-கோல்ஸ் துத்தநாகத்தைக் கொண்டு உருவாக்கினார். அவர் பெயராலேயே அது ஷெரார்டைசிங் எனப்படுகிறது. துத்தநாகம் ஈரத்தால் வரும் துருவைத் தடுக்கும்; உலைச் சூட்டைத் தாங்காது.

சூட்டைத் தாங்கும் பூச்சுக்கு அலுமினியத்தைப் பயன்படுத்தும் கலோரைசிங் முறை, 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் அமெரிக்காவின் ஷெனெக்டடி நகரிலிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவானது. டைக்கோ வான் அல்லர் இதனோடு தொடர்புடைய முதன்மையான பெயர். தொடக்கத்தில் பொருள்களை அலுமினியத் தூளோடு சுழலும் கலனில் இட்டு, காற்றுப் புகாமல் சூடாக்கினர்.

இதே காலப்பகுதியில், உலைக்குள் இருக்கும் உலோகமே தனக்குக் காப்புப் படலத்தை வளர்த்துக்கொள்ளும்படி கலப்புலோகத்தை அமைக்கும் முயற்சிகளும் நடந்தன. 1906இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்ரோமுக்குக் காப்புரிமை பெற்றார். சுவீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோ இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றும் சேர்ந்த கலப்புலோகத்தை உருவாக்கினார். அது 1931 முதல் கான்தல் என்னும் பெயரில் அறியப்படுகிறது. மின்னடுப்பின் சுருள் நாள்தோறும் செக்கச்சிவக்கப் பழுத்தாலும் ஆண்டுக்கணக்கில் நிலைப்பது இத்தகைய கலப்புலோகங்களால்தான். அவ்விடத்தில் சாதாரண இரும்புக் கம்பியை வைத்தால் அது விரைவிலேயே செதிலாகி அறுந்துவிடும். நிக்ரோமின் மேல் குரோமிய ஆக்சைடும், கான்தலின் மேல் அலுமினாவும் படலமாக நின்று காக்கின்றன.

செய்முறை

இன்று பரவலாக உள்ளது பெட்டியில் புதைத்துச் சூடாக்கும் முறையாகும். அதற்கான தூள் கலவையில் மூன்று பொருள்கள் இருக்கும்.

முதலாவது, அலுமினியத் தூள் அல்லது அலுமினியம் செறிந்த கலப்புலோகத் தூள். பூச்சுக்கான அலுமினியம் இதிலிருந்து கிடைக்கிறது.

இரண்டாவது, அலுமினாத் தூள். இது வினையில் பங்கு கொள்ளாது. உருகிய அலுமினியத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடாமலும், பொருளின் மேல் ஒட்டிக்கொள்ளாமலும் இடையில் நின்று பிரித்து வைக்கிறது.

மூன்றாவது, சிறிதளவு நவச்சாரம் எனப்படும் அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் அதே நவச்சாரம்தான் இது. ஈயம் பூசும்போது அது பாத்திரத்தின் மேலுள்ள ஆக்சைடை நீக்கித் தூய்மை செய்கிறது. கலோரைசிங்கில் அதற்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு: அலுமினியத்தைச் சுமந்து செல்வது.

பொருளை முதலில் எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் இல்லாமல் துப்புரவு செய்வர். பின்னர் அதைத் தூளில் புதைத்து, பெட்டியை மூடி, ஹைட்ரஜன் அல்லது ஆர்கான் போன்ற வாயுச் சூழலில் 850° முதல் 1,050° வரை பல மணி நேரம் சூடாக்குவர். சூடு ஏறும்போது நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. ஹைட்ரஜன் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்து அலுமினியக் குளோரைடு வாயுக்களைத் தருகிறது. இவ்வாயுக்கள் தூளின் இடுக்குகள் வழியே பொருளை அடைந்து, அதன் மேற்பரப்பில் அலுமினியத்தை விட்டுவிட்டு, மீண்டும் தூளிடம் சென்று புதிதாக அலுமினியத்தை ஏற்றிக்கொள்கின்றன. சிறிதளவு நவச்சாரமே போதுமானதாக இருப்பது இந்தச் சுழற்சியால்தான். வாயுவே அலுமினியத்தைக் கொண்டுசேர்ப்பதால், தூள் நேரடியாகப் படாத வளைவுகளிலும் துளைகளிலும்கூடப் பூச்சு ஏறுகிறது.

மேற்பரப்பில் சேர்ந்த அலுமினியம் அந்தச் சூட்டில் உள்நோக்கி விரவுகிறது. வெப்பநிலையையும் நேரத்தையும் பொறுத்துப் பூச்சின் தடிப்பு அமையும். சில பத்து மைக்ரோமீட்டர் முதல் சில நூறு மைக்ரோமீட்டர் வரை வளர்க்கலாம்.

பூச்சின் அமைப்பு

'பூச்சு' என்ற சொல் வண்ணப்பூச்சை நினைவூட்டலாம். வண்ணம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், சுரண்டினால் வந்துவிடும். கலோரைசிங்கில் பூச்சுக்கும் அடிப்பொருளுக்கும் இடையே அப்படியொரு பிரிகோடு இல்லை. வெளிப்புறத்தில் அலுமினியம் மிகுந்த சேர்மம், அதற்கு உள்ளே அலுமினியம் குறைந்த சேர்மம், அதற்கும் உள்ளே சிறிதளவு அலுமினியம் கரைந்த இரும்பு, பின்னர் மாற்றமடையாத எஃகு என்று அடுக்கடுக்காக அமைகிறது.

இச்சேர்மங்களின் இயல்பு ஒன்றுபோல் இருப்பதில்லை. இரண்டு இரும்பு அணுக்களுக்கு ஐந்து அலுமினிய அணுக்கள் உள்ள சேர்மம் மிகவும் கடினமானது. அதே நேரத்தில் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. ஓர் இரும்பு அணுவுக்கு ஓர் அலுமினிய அணு உள்ள சேர்மம் அந்த அளவுக்கு நொறுங்குவதில்லை. அதனால், அலுமினியம் அதிகமாக ஏறினால் நல்லது என்று கொள்வதற்கில்லை. பல இடங்களில், பூச்சு இட்டபின் பொருளை மீண்டும் சில மணி நேரம் சூடாக்கி, வெளிப்புற அலுமினியத்தை உள்ளே பரவச் செய்து, நொறுங்கும் அடுக்கைக் குறைக்கின்றனர். நிக்கல் கலப்புலோகத்தின் மீது உண்டாகும் நிக்கல்-அலுமினியச் சேர்மம் 1,600° வெப்பநிலைக்கு மேல் உருகக்கூடியது. வானூர்திச் சுழலிகளின் அலகுகளுக்கு அலுமினிய விரவல் பூச்சு இடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடர்புடைய பிற முறைகள்

உருகிய அலுமினியத்தில் முக்கி எடுத்தல்: எஃகுத் தகட்டை ஏறத்தாழ 700° சூட்டிலுள்ள அலுமினியக் குழம்பில் முக்கி எடுப்பர். குழம்பில் சிலிக்கான் சேர்த்தால் இடையில் வளரும் நொறுங்கும் சேர்ம அடுக்கு மெலிதாகும். தகட்டை வளைக்கும்போது பூச்சு உடையாது. வாகனப் புகைபோக்கிக் குழாய்கள், சமையல் அவன்களின் உட்புறத் தகடுகள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. விரைவாகவும் மலிவாகவும் செய்யலாம். கடுஞ்சூட்டுக்கு விரவல் முறையே ஏற்றது.

தெளிப்பு முறை: உருகிய உலோகத்தைக் காற்றழுத்தத்தால் துளிகளாகத் தெளிக்கும் முறையைச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மாக்ஸ் உல்ரிக் ஷூப் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார். பெட்டிக்குள் அடங்காத பெரிய பொருள்களுக்கு இது ஏற்றது. தெளித்த படலத்தில் நுண்துளைகள் இருக்கும். உலைப் பயன்பாட்டுக்கு அதைச் சூடாக்கி விரவச் செய்வது வழக்கம்.

குரோமியம் ஏற்றுதல்: அலுமினியத்துக்கு மாற்றாகக் குரோமியத்தை விரவச் செய்யலாம். குரோமிய ஆக்சைடும் நல்ல காப்புப் படலமே. ஆனால் ஏறத்தாழ 1,000° வெப்பநிலைக்கு மேல் அது ஆக்சிஜனோடு மேலும் சேர்ந்து ஆவியாகிப் போகத் தொடங்கும். அதற்கு மேற்பட்ட சூட்டில் அலுமினாவே நிலைக்கிறது.

சிலிக்கான் ஏற்றுதல்: மாலிப்டினம் போன்ற உலோகங்களின் ஆக்சைடு சூட்டில் ஆவியாகிவிடுவதால் அவை காற்றில் தாக்குப்பிடிக்க மாட்டா. அவற்றின் மேற்பரப்பில் சிலிக்கானை ஏற்றினால், கண்ணாடி போன்ற சிலிக்காப் படலம் உண்டாகிக் காக்கும்.

பயன்படும் இடங்கள்

உலையின் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் எஃகு உறைக்குள் வைக்கப்படுகிறது. உறை அரித்து ஓட்டையானால் உலை வாயு உள்ளே புகுந்து கம்பிகளைக் கெடுக்கும். கருவி உடனே நின்றுவிட்டால் பழுது தெரிந்துவிடும். நிற்காமல் தவறான அளவைக் காட்டிக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து. உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டினால், உலையை இயக்குபவர் எரிபொருளைக் கூட்டுவார். உலை அளவுக்கு மீறிச் சூடாகும். எனவே உறையின் காப்பு என்பது உலையின் காப்பும் ஆகும்.

வெளியேறும் சூடான புகையைக் கொண்டு உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் வெப்ப மீட்புக் குழாய்கள், உலோகங்களை ஆற்றிப் பதப்படுத்தும் பெட்டிகள், உலைத் தட்டுகள், சங்கிலிகள், எரிமுனைகள், கொதிகலன்களில் கரியை ஊதித் தள்ளும் குழாய்கள் ஆகியவற்றிலும் இப்பூச்சு பயன்படுகிறது. எஃகு ஆலைகளில், உருகிய உலோகத்துக்குள் ஆக்சிஜனைச் செலுத்தும் குழாய்களுக்கும் இடப்படுகிறது. அங்கே குழாய் எரிந்து தீர்வதை முழுவதும் தடுக்க இயலாது; அது தீரும் வேகத்தைக் குறைப்பதே நோக்கம்.

அலுமினாப் படலம் ஆக்சிஜனை மட்டுமன்றிக் கந்தகத்தையும் கார்பனையும் தடுக்கிறது. கந்தக அமில ஆலைகளின் வெப்பப் பரிமாற்றிகளில் அலுமினியம் ஏற்றிய எஃகுக் குழாய்கள் இடம்பெறுகின்றன. எத்திலீன் தயாரிக்கும் உலைகளின் குழாய்களில் உட்புறமாகக் கரி படிவது பெருந்தொல்லை. குழாயிலுள்ள இரும்பும் நிக்கலும் கரி படிவதைத் தூண்டும் இயல்புடையவை. அலுமினாப் படலம் அவற்றை வாயுவிலிருந்து மறைப்பதால் அத்தகைய படிவு குறைகிறது. கார்பன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்வதும் குறைகிறது.

பூச்சு தீர்ந்துபோகும் வழிகள்

பூச்சிலுள்ள அலுமினியக் கையிருப்பு மூன்று வழிகளில் செலவாகிறது.

முதல் வழி, படலம் வளர்வது. இது மிக மெதுவான செலவு. உலை ஒரே சூட்டில் நின்று எரிந்தால் இச்செலவு மட்டுமே பல்லாயிரம் மணி நேரத்துக்குத் தாங்கும்.

இரண்டாவது வழி, சூடாறும்போது படலம் உதிர்வது. சூட்டில் எல்லாப் பொருளும் விரியும். ஒரே அளவில் விரிவதில்லை. வெப்பநிலை ஒரு பாகை கூடும்போது ஒரு மீட்டர் நீள அலுமினா ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர் விரிகிறது. நிக்கலும் குரோமியமும் கலந்த துருப்பிடிக்கா எஃகு 17 அல்லது 18 மைக்ரோமீட்டர் விரிகிறது. உலை 900° குளிர்ந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு அலுமினா 7 மில்லிமீட்டர் சுருங்க விரும்பும். எஃகோ 15 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். இந்த வேறுபாடு முழுவதும் மெல்லிய படலத்தின் மேல் நெருக்கமாக விழுகிறது. படலம் புடைத்து உதிர்கிறது. மறுமுறை சூடேறும்போது புதுப்படலம் வளர அலுமினியம் செலவாகிறது. நாள்தோறும் அணைத்து ஏற்றப்படும் உலை, தொடர்ந்து எரியும் உலையைவிடத் தன் உறுப்புகளை விரைவில் இழப்பது இதனால்தான். படலம் உதிராமல் பற்றிக்கொள்வதற்கு இட்ரியம், சீரியம் போன்ற தனிமங்களை மிகச் சிறிதளவு உலோகத்தில் சேர்ப்பது உதவும். இவ்வகைச் சேர்க்கையின் பயனைப் பதிவு செய்த பிஃபீல் என்பவரின் காப்புரிமை 1937ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

மூன்றாவது வழி, அலுமினியம் உள்ளே போய்விடுவது. பூச்சை உண்டாக்கிய அதே விரவல், உலையில் பணிபுரியும் காலத்திலும் நிற்பதில்லை. அலுமினியம் அடிப்பொருளுக்குள் மேலும் மேலும் பரவுகிறது; அடிப்பொருளின் அணுக்கள் வெளிநோக்கி வருகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் நகராததால் இடையில் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றலாம். வெவ்வேறு உலோகங்களின் அணுக்கள் வெவ்வேறு வேகத்தில் விரவுவதைத் தாமிரத்தையும் பித்தளையையும் கொண்டு நிறுவிய கிர்க்கெண்டாலின் ஆய்வு 1947இல் வெளியானது. அவர் பெயரால் இது கிர்க்கெண்டால் விளைவு எனப்படுகிறது. எதுவும் உதிராமல், எங்கும் கீறாமல், வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் கையிருப்பு குறைந்துகொண்டே வருவது இவ்வழியின் தனித்தன்மை.

மேற்பரப்பில் அலுமினியத்தின் அளவு ஒரு வரம்புக்குக் கீழே போனதும் படலத்தை மீண்டும் வளர்க்க முடியாது. அப்போது இரும்பே நேரடியாக ஆக்சைடாகத் தொடங்குகிறது. அதன் பின் சேதம் மெதுவாக நடப்பதில்லை. நெடுநாள் மாற்றமின்றி இருந்த குழாய், சிறிது காலத்திலேயே செதில் செதிலாக உதிரக் கூடும். மூலைகளிலும் விளிம்புகளிலும் இது முதலில் தெரியும். அங்கே இரு பக்கமும் காற்றுக்குத் திறந்திருக்க, பின்னால் இருக்கும் கையிருப்போ குறைவு.

இவற்றோடு, எரிபொருளிலுள்ள அசுத்தங்களும் கேடு செய்யும். சில உலை எண்ணெய்களில் வனேடியம் இருக்கும். எரியும்போது உண்டாகும் வனேடியம் பெண்டாக்சைடு ஏறத்தாழ 690° சூட்டில் உருகிக் குழம்பாகிப் படலத்தைக் கரைக்கும். சோடியமும் கந்தகமும் சேர்ந்து உண்டாகும் சோடியம் சல்பேட்டு 884° சூட்டில் உருகி இதே தீங்கைச் செய்யும். வறண்ட காற்றில் நன்கு நிலைத்த பூச்சு, இத்தகைய குழம்பு படியும் இடத்தில் நிலைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பூச்சால் இயலாதவை

பூச்சு அரிப்பைத் தடுக்கும், வலிமையைத் தராது. சாதாரணக் கார்பன் எஃகு 400° வெப்பநிலையைத் தாண்டியதும் சுமையின் கீழ் மெல்ல மெல்ல நீளத் தொடங்குகிறது. இதற்குத் தவழ்வு என்று பெயர். 900° சூட்டில் அதன் வலிமையில் மிகச் சிறு பங்கே எஞ்சும். கலோரைசிங் செய்த கார்பன் எஃகுக் குழாய் அச்சூட்டில் செதிலாகாமல் இருக்கலாம். ஆனால் தன் எடையையே தாங்காமல் தொய்ந்துவிடும். ஆகவே சுமையையோ அழுத்தத்தையோ தாங்கவேண்டிய உறுப்புக்கு, அந்தச் சூட்டில் வலிமை குன்றாத கலப்புலோகத்தை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகே பூச்சைப் பற்றி எண்ண வேண்டும். எத்திலீன் உலைக் குழாய்கள் குரோமியமும் நிக்கலும் மிகுந்த கலப்புலோகத்தால் செய்யப்பட்டு, அதன் மேல் பூச்சு இடப்படுவது இம்முறையில்தான்.

பற்றவைப்பு மற்றொரு வரம்பு. பூச்சு இட்ட பொருளைப் பற்றவைத்தால், அலுமினியம் உருகிய உலோகத்தில் கலந்து பற்றுமுனையைப் பலவீனமாக்கும். பற்றவைத்த இடத்தில் காப்பும் இராது. வளைத்தல், துளையிடுதல், மரையிடுதல், பற்றவைத்தல் ஆகிய எல்லாவற்றையும் பூச்சுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பூச்சு ஏறும்போது பொருளின் அளவு சிறிது கூடும் என்பதையும் மரை வெட்டும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

தேர்வும் சோதனையும்

ஓர் உறுப்புக்குக் கலோரைசிங் பொருந்துமா என்பதை முடிவு செய்யச் சில கேள்விகளுக்கு விடை தேவை. உறுப்பு பணிபுரியும் உச்ச வெப்பநிலை என்ன? உலை தொடர்ந்து எரிகிறதா, அடிக்கடி அணைக்கப்படுகிறதா? உறுப்பின் மேல் சுமை உண்டா? எரிபொருளில் வனேடியம், சோடியம், கந்தகம் உள்ளனவா? வெப்பநிலையை மட்டும் கேட்டு மற்றவற்றை விட்டுவிடுவதே பெரும்பாலான தவறான தேர்வுகளுக்கு இடமளிக்கிறது. அணைத்து ஏற்றுவதன் விளைவைத் துருப்பிடிக்கா எஃகிலேயே காணலாம்: 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ள எஃகுக்குத் தொடர்ந்த சூட்டில் 925° வரையும், விட்டுவிட்டு ஏறும் சூட்டில் 870° வரையும் வரம்பு கூறப்படுகிறது. ஒரே உலோகம், ஒரே காற்று. ஆறி ஏறுவது மட்டுமே வேறுபாடு.

பூச்சின் தரத்தை வெளித்தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது. ஒரே தொகுதியில் பூச்சிட்ட மாதிரித் துண்டு ஒன்றை வெட்டி, மெருகிட்டு, அமிலத்தால் துலக்கி, நுண்ணோக்கியில் அடுக்குகளின் தடிப்பைப் பார்ப்பதே நம்பத்தக்க முறை. பயன்பாட்டில் உள்ள உறுப்புகளுக்கும் இது பொருந்தும். உலையைப் பழுதுபார்க்க நிறுத்தும் ஒவ்வொரு முறையும் உலையினுள் வைத்திருந்த மாதிரித் துண்டுகளில் ஒன்றை எடுத்து ஆராய்ந்தால், எவ்வளவு அலுமினியம் எஞ்சியிருக்கிறது என்பது தெரியும். வெளியே அடையாளம் காட்டாமல் தீரும் கையிருப்பை முன்கூட்டியே அறிய இது உதவும்.

இச்செய்முறை ஆலைகளில் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்யத்தக்கது. அலுமினியத் தூள் காற்றில் பறந்தால் தீப்பொறி பட்டு வெடிக்கும். ஹைட்ரஜன் காற்றோடு கலந்தாலும் வெடிக்கும். சூடான நவச்சாரத்திலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். மாணவர்கள் இதை வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ செய்து பார்க்க முயலக் கூடாது. இரும்புச் செதில் உதிர்வதைக் கொல்லர் உலையிலும், உதிராத படலத்தை மின்னடுப்பின் சுருளிலும் கண்டு ஒப்பிட்டாலே, காக்காத ஆக்சைடுக்கும் காக்கும் ஆக்சைடுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.